தொழிலாளரின் தோழர் வி. வி. கிரி

விடுமுறை வந்தால் இரயிலேறி ஊருக்குச் செல்கிறோம். அந்த இரயிலை ஓட்டுபவரையும், தண்டவாளத்தைச் செப்பனிடுபவரையும் நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அவர்களுக்காக உழைத்து, பின்னர் பாரதத்தின் முதற்குடிமகனாகவும் உயர்ந்தவர் வராககிரி வேங்கட கிரி.

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பெர்ஹாம்பூரில் 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞர். 1913-இல் கிரி சட்டம் பயில அயர்லாந்திலுள்ள டப்ளின் நகருக்குச் சென்றார். அவ்வாண்டில்தான் அந்நகரில், சங்கத்தை விட்டு விலக மறுத்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்து பசியால் வாடினர். அவர்களுக்காகப் போராடிய ஜேம்ஸ் கானலியின் கருத்துகள் இளைஞர் கிரியின் நெஞ்சில் ஆழப் பதிந்தன. 1916-இல் அயர்லாந்து விடுதலை எழுச்சிக்குப் பின், ஆங்கில அரசு அவரை அந்நாட்டைவிட்டு வெளியேற்றியது.

தாயகம் திரும்பிய கிரி, வழக்கறிஞர் தொழிலில் பொருள் ஈட்டியிருக்கலாம். ஆனால் அவர் உள்ளம் உழைப்பாளரையே நாடியது. வங்காள நாகபுரி இரயில்வேத் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். 1927-இல் கரக்பூர்ப் பணிமனையில் ஆட்குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்குத் துணை நின்றார். வன்முறையின்றி அறவழியில் போராட வேண்டும் என்பதே அவரது கொள்கை. அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனத்தை வளர்த்த அவர், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவராக 1926-இலும் 1942-இலும் விளங்கினார்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் பொப்பிலி அரசரையே தோற்கடித்து, இராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலாளர் நல அமைச்சரானார். முதலாளியும் தொழிலாளியும் நீதிமன்றத்தை நாடுமுன், ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவரது உறுதியான எண்ணம். பிறர் வழங்கும் தீர்ப்பில் ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார், மனக்கசப்போ மாறாது. தாமே கண்ட உடன்பாட்டை இருவரும் மதிப்பர். இதனை 'கிரி அணுகுமுறை' என்றே அழைத்தனர்.

1952-இல் நேருவின் அமைச்சரவையில் அவர் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானார். 1954-இல் பெரும் சோதனை வந்தது. வங்கி ஊழியர்களுக்கு ஊதிய உயர்வு அளித்த தீர்ப்பாயத்தின் முடிவை அரசு மாற்றி, பலனைக் குறைத்தது. கிரி என்ன செய்தார்? பதவியில் ஒட்டிக்கொண்டு வாய்மூடி இருக்கவில்லை. அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். அதன்பின் அரசு அச்சிக்கலை ஆராய ஒரு குழுவை அமைத்தது.

பதவியைத் துறந்தவரைப் பதவிகள் தேடி வந்தன. மூன்று மாநிலங்களின் ஆளுநராகவும், 1967-இல் குடியரசுத் துணைத் தலைவராகவும் ஆனார். 1969-இல் சுயேச்சையாகப் போட்டியிட்டுக் குடியரசுத் தலைவராக வெற்றி பெற்றார். 1975-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1980-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். நொய்டாவிலுள்ள தேசியத் தொழிலாளர் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்புத் தோழியரே! பதவி பெறுவது பெருமைதான். ஆனால் எளியவர்க்கு அளித்த வாக்கைக் காக்க அப்பதவியையே துறப்பது அதனினும் பெருமையன்றோ? உழைப்பவரை மதிப்போம், நேர்மை வழி நடப்போம்!