படித்த கல்லூரிக்குப் பட்ட கடன்



கையில் பணம் இல்லாதவன் கல்லூரிக்கு என்ன செய்துவிட முடியும் என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் பரிதிமாற் கலைஞரைத்தான் சொல்வேன்.

மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் 1870இல் பிறந்தவர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். நம்ம சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. படித்து, தமிழிலும் தத்துவத்திலும் முதல் மாணவராகத் தேறினார். கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937இல்தான். அவர் காலத்தில் ஜார்ஜ் டவுனில் இருந்தது. படித்த இடத்துக்கே தமிழாசிரியராகத் திரும்பினார்.

வகுப்பில் பாடம் நடத்தியதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. ஆர்வமுள்ள மாணவர்களை வீட்டுக்கு வரவழைத்துத் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பேரும் வைத்தார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை எடுத்துவிடலாம் என்று 1902இல் யோசனை வந்தபோது, பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து எதிர்த்து நின்றார். யோசனை கைவிடப்பட்டது. அடுத்த வருஷமே, 1903இல், எலும்புருக்கி நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. வயசு 33தான்.

அந்த வயசை எப்போதோ தாண்டிவிட்டவர்கள் நம்மில் பலர். நன்கொடை தாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு மாதத்தில் ஒரு சனிக்கிழமையும் தாருங்கள். இங்கிலீஷிலோ கணக்கிலோ தடுமாறுகிற முதலாமாண்டுப் பிள்ளைகள் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். தம்பி தங்கைகளே, நீங்களும் கூச்சப்படாமல் வந்து கேளுங்கள்.