கைகளின் வழியே கல்வி

தமிழகத்தின் சிறு நகரங்களில்கூட மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இன்று மாண்டிசோரி என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. அதிகக் கட்டணம், வண்ணச் சீருடை, ஆங்கிலப் பாடல் ஆகியவற்றோடு அந்தச் சொல்லை நம் பெற்றோர் இணைத்துப் பார்க்கப் பழகிவிட்டனர். அது ஒரு மருத்துவரின் பெயர் என்பதையும், அவர் தம் முதல் பள்ளியை ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகவே தொடங்கினார் என்பதையும், தொடக்கப்பள்ளி அறிவியலுக்கு அவர் வகுத்த பாடங்களில் பல நம் கோடைக்கானலில்தான் உருப்பெற்றன என்பதையும் அறிந்தவர் சிலரே. பட்டுத்தறி ஓசைக்கு நடுவே வாழும் வெம்பாக்கம் வட்டாரத்தில் நெடுங்காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியனாகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தப் பெண்மணியின் வாழ்க்கையை நினைவுகூர்வது இன்றைய தேவை என்று கருதுகிறேன்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியின் கியாராவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் ஆசிரியப் பணிக்கு மட்டுமே உரியவர்கள் என்று கருதப்பட்ட காலத்தில், பொறியியல் கற்கும் விருப்பத்துடன் அவர் ஆண்களுக்கான தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மனம் மாறி மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் பார்ப்பது முறையன்று எனக் கூறப்பட்டதால், மற்றவர்கள் வீடு திரும்பிய பின் உடற்கூற்று அறையில் அவர் தனியே பயின்றார். 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் சில பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். நேரில் பார்த்து, தொட்டு, அளந்து அறியாத எதையும் நம்பாத மருத்துவரின் கண்கொண்டே பிற்காலத்தில் அவர் குழந்தைகளையும் பார்த்தார்.

மருத்துவப் பணியின் தொடக்கத்தில் மனநல விடுதிகளுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள் அங்கே வெற்று அறைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். உணவுக்குப் பின் தரையில் சிதறிக் கிடந்த ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கிக் கைகளால் உருட்டிக்கொண்டிருந்ததைக் காவலர்கள் பேராசை என்று ஏசினர். மாண்டிசோரிக்கு அது வேறு விதமாகப் பட்டது. அந்த அறையில் தொடவும் உருட்டவும் வேறு எந்தப் பொருளும் இல்லை. வயிற்றுக்கு உணவு கிடைத்தும், கைகளின் பசிக்கு ஒன்றும் கிடைக்காத குழந்தைகள் அவர்கள்.

இத்தார், செகுவின் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்து, கையால் எடுத்துப் பயிலத்தக்க பொருள்களை உருவாக்கி, அந்தக் குழந்தைகளுக்கு அவர் கற்பித்தார். அவர்களுள் சிலர் மற்றக் குழந்தைகளுக்கான பொதுத் தேர்வை எழுதித் தேர்ச்சியும் பெற்றனர். ஊரே வியந்து பாராட்டியது. அவரோ, இந்தக் குழந்தைகளே இவ்வளவு கற்க முடியுமென்றால், நலமாக உள்ள குழந்தைகளைப் பள்ளிகள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்று கவலை கொண்டார். வாழ்நாள் முழுவதும் அவரை இயக்கியது இந்தக் கவலையே.

அதற்கான களம் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அமைந்தது. ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், கூலித் தொழிலாளர்கள் வாழ்ந்த அடுக்ககங்களை ஒரு நிறுவனம் சீரமைத்திருந்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் படிக்கட்டுகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்தனர். கட்டடம் பாழாகாமல் இருக்கவே அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாண்டிசோரியிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள்; உதவிக்கு ஆசிரியப் பயிற்சி பெறாத ஒரு பெண். குழந்தைகள் இல்லம் என்று பெயரிடப்பட்ட அந்த அறையே பின்னர் உலகின் கல்விச் சிந்தனையைத் திருப்பியது.

அங்கே அவர் வைத்த பொருள்கள் எளியவை. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள். அவற்றுக்கேற்ற பத்து உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், கடைசியில் ஒன்று எங்கும் பொருந்தாமல் மிஞ்சும். பிழையைச் சுட்டிக்காட்ட ஆசிரியர் வேண்டியதில்லை, பொருளே காட்டிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றி நடந்த ஆரவாரம் எதையும் பொருட்படுத்தாமல், அதே பயிற்சியை நாற்பது தடவைக்கும் மேல் செய்ததை மாண்டிசோரி எண்ணிப் பதிவு செய்தார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரையிலான கனசதுரங்களை அடுக்கும் கோபுரம், பத்து சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரையிலான கோல்கள், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் எனப் பொருள்கள் பெருகின. ஊகிப்பது, செய்து பார்ப்பது, பொருந்தாதபோது ஊகத்தை மாற்றிக்கொள்வது என்னும் அறிவியலின் முறை, அந்தச் சொல்லையே அறியாத குழந்தைகளின் விரல்களுக்குள் புகுந்தது.

புகழ் விரைந்து வந்தது. சொந்த வாழ்க்கையின் துயரம் மறைந்தே இருந்தது. 1898-இல் திருமணமாகாத நிலையில் அவருக்குப் பிறந்த மரியோ என்ற மகன், ஊரறியாமல் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் வளர்ந்தான். பிறர் குழந்தைகளுக்காக உழைத்த தாயிடம் அவன் வந்து சேர்ந்தபோது வயது பதினைந்தை நெருங்கியிருந்தது. அதன்பின் அவர் தாயின் வலக்கரமானார். முசோலினி அரசு முதலில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது; குழந்தைகளைத் தன் கொள்கைக்கேற்ப வார்த்தெடுக்க விரும்பியபோது அவரோடு முரண்பட்டது. பள்ளிகள் மூடப்பட, 1934-இல் அவர் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தில் தங்கினார்.

இந்தியா அவரை ஏற்கெனவே அறிந்திருந்தது. 1931-இல் இலண்டனுக்குச் சென்ற காந்தியடிகள் அவரைச் சந்தித்து, அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றினார். 1939-ஆம் ஆண்டு நவம்பரில், ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, அறுபத்தொன்பது வயது மாண்டிசோரி தம் மகனுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் வளாகத்தில், ஓலைக் கொட்டகைகளில், ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பயிற்சி நடந்தது. அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கையிலிருந்த பொருள்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சில மாதங்களுக்கென வந்தவரை உலகப்போர் இங்கேயே நிறுத்திவிட்டது. 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும், ஆங்கில அரசு தாயையும் மகனையும் பகை நாட்டவராக அறிவித்தது. மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார்; மாண்டிசோரி அடையாறு வளாகத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக வைசிராய் செய்தி அனுப்பினார். அதுவரை உறவினர் என்றே உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டவர், அச்செய்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டார். நாற்பது ஆண்டுகள் ஒரு தாய் சொல்ல முடியாமல் வைத்திருந்த சொல், அந்நிய அரசின் ஆணை வழியே சென்னையில் வெளிப்பட்டது.

1942 முதல் 1944 வரை அவர்கள் கோடைக்கானலில் தங்கினர். அதுவரை பெரும்பாலும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காகவே பேசப்பட்ட அவருடைய முறை, ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விரிவடைந்தது அந்த மலையில்தான். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்னா உடனிருந்து உதவினார். இந்த வயதுக் குழந்தை பொருளின் பெயரை மட்டும் அறிந்து அமைவதில்லை. ஏன், எப்படி, எங்கிருந்து என்று கேட்கிறது. ஆகவே பாடத்தைத் துண்டு துண்டாக்காமல், அண்டத்தின் தோற்றம் என்னும் பெருங்கதையிலிருந்து அவர் தொடங்கினார். அக்கதைக்குத் துணையாகச் சிறு சோதனைகள் வந்தன: எடை வேறுபட்ட திரவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிவது, திண்பொருள் சூட்டில் உருகுவது, தாள் துணுக்குகள் நீரில் ஒன்றையொன்று நாடுவது. இலை வடிவங்களைப் பிரித்தறியும் அட்டைகள், உயிரினங்களின் காலக்கோடு போன்றவற்றை மரியோவும் அவரும் வளர்த்தெடுத்தனர். வகுப்பறைக்கு வெளியே ஓடையும் பாசியும் பூச்சியும் பாடங்களாயின. இவற்றின் சாரமான நூல் 1948-இல் சென்னையில் கலாக்ஷேத்ரா வெளியீடாக வந்தது.

1946-இல் ஐரோப்பா திரும்பியவர், மறு ஆண்டே மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். இந்தியாவில் அவரிடம் பயின்றவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் அவர் மறைந்தார். பிற்காலத்தில் இத்தாலி தன் ஆயிரம் லிரா பணத்தாளில் அவர் உருவத்தை அச்சிட்டுப் பெருமை செய்தது.

நாம் அவரை எவ்வாறு போற்றினோம்? முற்றிலும் மறந்தோம் என்று கூற இயலாது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் அவருடைய சிந்தனையின் சாயல் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளோடு பயின்றனர். ஆசிரியரும் தரைக்கு இறங்கினார். ஆனால் அட்டையை முடித்தாயா என்ற கேள்வி எழுந்த இடங்களில் எல்லாம், பொருளைக் கண்டறிந்தாயா என்ற கேள்வி மறைந்துபோனது. இன்றைய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் செயல்பாடுகள் உண்டு. எனினும் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வரும்போது, கோடைக்கானலில் அவர் கேள்விகளின் வயது என்று கண்டறிந்த அதே பருவத்தில், அறிவியல் வினா விடையாகச் சுருங்கிவிடுகிறது. கைகட்டி அமர்வதே ஒழுக்கம் எனப்படுகிறது.

எங்கள் வட்டாரத்தில் இந்த முரண் எனக்குப் பளிச்சென்று தெரியும். நெசவுக் குடும்பத்துக் குழந்தையின் வீடே ஓர் ஆய்வுக்கூடம். பாவில் ஓர் இழை அறுந்தாலும் துணி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மாண்டிசோரியின் உருளைக் கட்டை செய்த வேலையைத் தறியும் செய்கிறது. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் காய்ச்சினால் அதன் பசை நீங்கி, எடையில் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். பெரியவர்கள் காய்ச்சட்டும், முன்னும் பின்னும் எடைபோட்டு, குறைந்த எடை எங்கே போயிற்று என்று குழந்தைகள் தேடட்டும். மழைக்காலத்தில் நெசவு ஏன் தடைப்படுகிறது என்று கேட்டு, ஒரு பட்டுநூல் சிட்டத்தை வெயில் நாளிலும் ஈரநாளிலும் எடைபோட்டுப் பதிவு செய்தால், காற்றில் நீர் இருப்பதை எந்தப் பாடநூலும் சொல்லாமலே அவர்கள் அறிவார்கள். ஜக்கார்டு அட்டையில் துளை உள்ள இடத்தில் இழை எழும். துளையில்லாத இடத்தில் எழாது. பழைய அட்டை ஒன்றைக் கையில் தந்து, எந்த இழை எழும் என்று முன்கூட்டியே கூறச் சொன்னால், கணினியின் அடிப்படையான ஒன்று, சுழியம் ஆகியவற்றின் வாசலில் அந்தக் குழந்தை நிற்கும். இவை எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஆசிரியர் விடையை முந்திக்கொண்டு சொல்லாமல் காத்திருக்கும் பொறுமை ஒன்றே தேவை.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு, எழவும் வேண்டும். கைவேலையைக் கல்வியோடு இணைப்பது என்றதும் தமிழகத்துக்கு 1953 நினைவுக்கு வரும். இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குடும்பத் தொழிலைப் பயிலச் சொன்னது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது. தறியடியில் குழந்தைகளின் கைகள் கூலிக்கு உழைத்த கொடுமையையும் பட்டு நெசவு ஊர்கள் கண்டிருக்கின்றன. ஆகவே வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். குழந்தை தறியில் அமர்ந்து சேலை நெய்வது உழைப்பு. தறி எப்படி இயங்குகிறது என்று கேட்டு, பிரித்துப் பார்த்து, அளந்து அறிவது கல்வி. முன்னது குழந்தையைத் தந்தையின் தொழிலோடு கட்டிப்போடும். பின்னது அதே தொழிலைப் படிக்கட்டாக்கி, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பொறியியலுக்கும் ஏற்றிவிடும். வீட்டில் தறி இல்லாத குழந்தையும் அதே வகுப்பில் அதே அட்டையைக் கையில் எடுக்க வேண்டும். நெசவாளர் வீட்டுக் குழந்தை விண்மீன்களைப் பற்றியும் கேட்க வேண்டும்.

சான் லோரென்சோவில் கூலித் தொழிலாளர்களின் குழந்தைகளிடம் கண்டெடுக்கப்பட்ட உண்மை, இன்று கட்டணம் செலுத்த இயன்றவர்களின் உடைமைபோல் ஆகியிருக்கிறது. அதை அரசுத் தொடக்கப்பள்ளிக்கு மீட்டுக் கொண்டுவருவதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி. அதற்குப் புதிய திட்டப் பெயர் எதுவும் வேண்டாம். நான்காம், ஐந்தாம் வகுப்பு அறிவியலில் பாதி மதிப்பெண்ணாவது, குழந்தை தானே செய்து, பார்த்து, எழுதிய குறிப்பேட்டுக்கு ஒதுக்கப்படட்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு தராசு, சில அளவுகோல்கள், ஒரு வெப்பமானி, ஒரு கைக்கண்ணாடி வில்லை வழங்கப்பட்டு, அவை பூட்டிய அலமாரிக்குள் இல்லாமல் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் ஏடுகளைப் புரட்டுமுன், இந்த வாரம் நீ எதைக் கண்டுபிடித்தாய் என்று ஒரு குழந்தையையேனும் கேட்கட்டும்.