வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்: ஒரு பள்ளி ஆசிரியரின் கதை

பத்தாம் வகுப்பு இயற்பியலில் எல்லாரும் தாண்டி வந்த சூத்திரம்தான். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. பார்த்தால் சாதாரண வகுத்தல் கணக்கு. ஆனால், இதைக் கண்டுபிடித்து 1827-ல் புத்தகமாகப் போட்ட ஜார்ஜ் சைமன் ஓம், அடுத்த வருடமே ஆசிரியர் வேலையை விட்டுவிட்டார். அதன் பிறகு நிலையான வேலை கிடைக்க 5 வருடம் ஆனது. அப்படி என்னதான் நடந்தது?

பூட்டுத் தொழிலாளியின் மகன்

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16-ல் பிறந்தவர் ஓம். அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. முறையான படிப்பு கிடையாது. ஆனாலும் தானாகவே கணிதமும் அறிவியலும் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஓமுக்குப் பத்து வயதானபோது அம்மா இறந்துவிட்டார்.

1805-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஓம், நடனம், ஐஸ் ஸ்கேட்டிங், பில்லியர்ட்ஸ் என்று பொழுதைப் போக்கினார். கோபப்பட்ட அப்பா, மூன்று செமஸ்டரோடு படிப்பை நிறுத்தி ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணிதம் நடத்திக்கொண்டே தானும் படித்த ஓம், 1811-ல் எர்லாங்கன் திரும்பி முனைவர் பட்டம் வாங்கினார். 1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே நல்ல ஆய்வகம் இருந்தது. அப்பாவிடம் பழகிய கைத்தொழிலும் கைகொடுத்தது.

முதல் சூத்திரம் தப்பு

அப்போது வோல்ட் மீட்டரோ ஆம்பியர் மீட்டரோ கிடையாது. வோல்ட், ஆம்பியர் என்ற அலகுகளே இல்லை. மின்சாரம் பாயும் கம்பி பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்பும் என்பது 1820-ல்தான் தெரிய வந்திருந்தது. ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதை வைத்து மின்னோட்டத்தை அளந்தார் ஓம்.

1825-ல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் தவறானது. காரணம், அவர் பயன்படுத்திய பேட்டரி. அளந்துகொண்டிருக்கும்போதே அதன் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. எடை போடும்போதே தராசு முள் நகர்ந்துகொண்டிருந்தால் எப்படி? அதே நிலைமைதான்.

பேட்டரிக்குப் பதிலாக வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தும்படி பொகெண்டார்ஃப் என்ற ஆய்விதழ் ஆசிரியர் யோசனை சொன்னார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு இணைப்பைக் கொதிக்கும் நீரிலும், இன்னொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். வெப்பநிலை வித்தியாசம் மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. பிறகு 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை நீளமுள்ள, ஒரே தடிமனான எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து அளந்தார்.

விடை தெளிவாக வந்தது. மின்னழுத்தம் கூடினால் அதே விகிதத்தில் மின்னோட்டம் கூடும். தடை கூடினால் அதே விகிதத்தில் மின்னோட்டம் குறையும். மூலத்துக்குள்ளேயே இருக்கும் தடையும் இந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. கம்பியின் வெப்பநிலை மாறாதவரை இந்த விதி பொருந்தும்.

கிடைக்காத வேலை

பாதிச் சம்பளத்தில் ஒரு வருட விடுப்பு எடுத்து, பெர்லினில் இருந்து புத்தகத்தை எழுதி முடித்தார் ஓம். அது பல்கலைக்கழக வேலை வாங்கித் தரும் என்று நம்பினார். நடந்ததோ வேறு. புத்தகம் முழுக்கக் கணிதம். அன்றைய ஜெர்மனி இயற்பியலாளர்கள் பலருக்கு அது பழக்கமில்லாத வழி. கடுமையான விமர்சனம் வந்தது. மனம் வெறுத்து 1828-ல் கொலோன் வேலையை விட்டார். பெர்லினில் ஒரு ராணுவப் பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் பாடம் நடத்திக் காலம் தள்ளினார். 1833-ல்தான் நியூரம்பர்க்கில் நிலையான வேலை கிடைத்தது.

அங்கீகாரம் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட மியூனிக் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பதவி 1852-ல் கிடைத்தபோது வயது 63. அடுத்த இரண்டே வருடங்களில், 1854 ஜூலை 6-ல் இறந்துபோனார். மின்தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை 1881 பாரிஸ் மின்னியல் மாநாடு ஏற்றுக்கொண்டது.

நம்ம வீட்டுக் கணக்கு

மின்திறன் கணக்கு ஓமுடையது அல்ல. கம்பியில் உண்டாகும் வெப்பத்துக்கான விதியை 1841-ல் சொன்னவர் ஜூல். ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் வீட்டுக்குப் பயன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன், அதாவது வாட். 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் செல்போன் சார்ஜர் 10 வாட்.

230 வோல்ட்டில் ஓடும் 1,500 வாட் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். 1,500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் அதன் தடை சுமார் 35 ஓம். வீட்டில் இருக்கும் சின்ன சாக்கெட் தாங்குவது 6 ஆம்பியர்தான், அதாவது 1,380 வாட். அதனால் கெட்டிலை 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் மாட்ட வேண்டும். சின்ன சாக்கெட்டில் மாட்டினால் பிளக் சூடாகி உருகலாம், தீப்பிடிக்கவும் செய்யலாம். புது ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ வாங்கினால், அதில் எழுதியிருக்கும் வாட்டை 230-ஆல் ஒருமுறை வகுத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.