சைப்ரஸ் தீவில் உயிர் விட்ட தளபதி திம்மய்யா

பனி மலைக்கு டாங்கி ஏறுமா? ஏற்றிக் காட்டினார் ஒருவர். அவர்தான் ஜெனரல் திம்மய்யா. பட்டாளத்தில் செல்லமாகத் திம்மி.

குடகு நாட்டுக்காரர். 1906-ல் மடிக்கேரியில் காபித் தோட்டக் குடும்பத்தில் பிறந்தார். எட்டு வயதில் நம்ம குன்னூர் செயிண்ட் ஜோசப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு பெங்களூர், டேராடூன், கடைசியில் இங்கிலாந்தில் ராணுவக் கல்லூரி. 1926-ல் அதிகாரி ஆனார்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஒரு பிரிகேடை நடத்தினார். போர்முனையில் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய ஒரே இந்தியர் அப்போது அவர்தான். அவருடைய அண்ணன் பொன்னப்பாவோ நேதாஜி படையில்! ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு பக்கம்.

கழுதைப் பாதையில் டாங்கி

1948. காஷ்மீரில் சண்டை. லடாக் போகும் வழியில் சோஜி லா கணவாய், 11,500 அடிக்கு மேல் உயரம். மேலே உட்கார்ந்துகொண்டு எதிரிகள் சுட்டார்கள். இருந்ததோ கோவேறு கழுதை போகிற பாதை.

டாங்கியைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தார் திம்மய்யா. மேல்பாகத்தைக் கழற்றி ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். பாதையை அகலமாக்கியது யார் தெரியுமா? மதராஸ் சாப்பர்ஸ் படையினர்!

நவம்பர் 1-ந் தேதி டாங்கிகள் கணவாயில் நுழைந்தன. முன்னால் போன டாங்கியில் தளபதியே இருந்தார். எதிரிகள் ஓட்டம் பிடித்தனர்.

1953-ல் கொரியா. ஊர் திரும்ப மறுத்த 22,000-க்கும் மேற்பட்ட கைதிகளின் விவகாரத்தைக் கவனித்த கமிஷனுக்கு அவர்தான் தலைவர்.

ராஜினாமா

1957-ல் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். ராணுவ மந்திரி கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போகவில்லை. 1959 ஆகஸ்டில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

பிரதமர் நேரு கூப்பிட்டு சமாதானம் சொன்னார். கடிதத்தை வாபஸ் வாங்கினார் திம்மய்யா. பிறகு பார்லிமெண்டில் நேரு பேசியதோ, தளபதி செய்தது சரியில்லை என்கிற தோரணையில்! மேனன் பதவியிலேயே இருந்தார்.

வாபஸ் வாங்கியிருக்கக் கூடாது என்றுதான் நமக்குப் படுகிறது. 1961 மே மாதம் ரிட்டயர் ஆனார். ஒன்றரை வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, சீனா தாக்கியது. மேனன் பதவி போயிற்று. திம்மய்யா அப்போது படையில் இல்லை.

மறுபடி யூனிபாரம்

கூப்பிட்டது ஐ.நா. சபை. சைப்ரஸ் தீவில் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் 1963 டிசம்பரில் வெட்டுக்குத்து மூண்டிருந்தது. நடுவில் நிற்க ஐ.நா. படை போனது. 1964 ஜூலையில் அதன் தளபதியாகப் போனார் திம்மய்யா. வயது 58.

போய் ஒரு மாதம்தான். துருக்கி விமானங்கள் வந்து குண்டு வீசின. அவர் கையில் இருந்ததோ சண்டை போட வந்த படை அல்ல, சண்டையை விலக்க வந்த படை. இரண்டு தரப்போடும் பேசிப் பேசித்தான் காரியம் நடத்த வேண்டும். சுடத் தெரிந்தவருக்குச் சுடாமல் இருக்கிற வேலை!

1965 டிசம்பர் 18-ந் தேதி அங்கேயே மாரடைப்பில் இறந்தார். பதவியில் இருக்கும்போதே போன உயிர். உடல் பெங்களூர் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

1966-ல் சைப்ரஸ் அரசு அவர் படம் போட்டு தபால்தலை வெளியிட்டது. லார்னகா நகரில் ஒரு தெருவுக்கும் அவர் பெயர். மடிக்கேரியில் அவர் வீடு, 2021-ல்தான் நினைவகமாகத் திறக்கப்பட்டது.