கோவை தந்த எடிசன்



நம் கொங்கு நாடு பருத்திக்கும் பஞ்சாலைக்கும் பெயர் பெற்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அந்த மண்ணில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, பின்னாளில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கே முதல்வராக வீற்றிருந்தவர் ஒருவர் உண்டு. நாடு அவரை இந்தியாவின் எடிசன் என்று அழைத்தது. அவர்தாம் திரு. ஜி. டி. நாயுடு அவர்கள். 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னும் ஊர் அவரை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை நாள்தோறும் படித்துக்கொண்டே செல்லும் நம்மில் எத்தனை பேர் அவர் வரலாற்றை அறிவோம்? அதை எங்களால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறோம்.

எடிசன் செய்தது என்ன?

இந்தியாவின் எடிசன் என்ற பட்டத்தின் பொருள் விளங்க வேண்டுமானால், முதலில் அமெரிக்க நாட்டின் எடிசன் செய்தது என்ன என்று பார்க்க வேண்டும். மின்விளக்கை முதன்முதலில் எரியச் செய்தவர் அவரே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. அவருக்கு முன்பே பலர் மின்சாரத்தால் கம்பியைச் சூடேற்றி ஒளிரச் செய்திருந்தனர். இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான் என்பவரும் அதே முயற்சியில் ஈடுபட்டிருந்தார். ஆனால் அவ்விளக்குகள் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். அல்லது விலை எட்டாத உயரத்தில் இருக்கும்.

எடிசன் அவற்றைத் திருத்தினார். 1879-இல் பருத்தி நூலைக் கரியாக்கி மின்னிழையாகப் பொருத்தி, கண்ணாடிக் குமிழிலிருந்து காற்றை வெளியேற்றினார். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் இழை எரிந்து சாம்பலாகாது அல்லவா? விளக்கு பல மணி நேரம் ஒளிர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டு மூங்கில் நாரைக் கரியாக்கிப் பார்த்தார். ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல் ஒளிர்ந்தது. தொடக்கத்தில் விளக்கைச் செய்ய ஆன செலவைவிடக் குறைந்த விலைக்கே விற்றார். செய்யும் முறையைப் படிப்படியாகச் சீராக்கிய பிறகுதான் இலாபம் கிடைத்தது. அவருக்குப் பின் வந்தோர் கரி இழைக்குப் பதிலாக டங்ஸ்டன் இழையைப் பொருத்தினர். 1913-இல் லாங்மியூர் என்னும் அறிஞர், வெற்றிடத்துக்குப் பதிலாகக் குமிழில் மந்த வாயுவை நிரப்பினால் இழை விரைவில் தேயாது என்று காட்டினார். ஆகவே ஒரு விளக்கு ஒருவர் கையால் பிறந்ததன்று. பலர் கையால் திருந்தியது. அதனை ஏழை வீட்டுக்கும் எட்டச் செய்ததே எடிசன் பாதையின் பெருமை. நம் நாயுடு அவர்கள் நடந்ததும் அதே பாதையில்தான்.

கலங்கல் சிறுவன்

1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள், கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் கோபால்சாமி நாயுடுவின் மகனாகத் துரைசாமி பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடியவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். (இதைப் படிக்கும் தங்கைகள் இந்த ஒன்றை மட்டும் பின்பற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்!) ஆரம்ப வகுப்புகளோடு அவர் படிப்பு நின்றது.

வயலில் வேலை செய்துகொண்டிருந்த இளைஞர் துரைசாமியின் கண்ணில் ஒருநாள் ஓர் அதிசயம் பட்டது. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி தானே ஓடுகிறது! அன்றே அவர் மனம் அந்த இயந்திரத்தின் பின்னே ஓடிவிட்டது. கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மூன்று ஆண்டுகள் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து அதைக் கழற்றினார்; மீண்டும் பூட்டினார். அந்த வண்டியே அவருக்குப் பாடநூல். அவர் கைகளே அவருக்கு ஆசிரியர்.

ஏறியும் இறங்கியும்

முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரவைத் தொழில் நடத்திப் பொருள் ஈட்டினார். அந்தத் துணிவில் பம்பாய் சென்று பஞ்சு வணிகத்தில் இறங்கினார்; ஈட்டியதை இழந்து ஊர் திரும்பினார். பலர் இந்த இடத்தில் சோர்ந்துவிடுவார்கள். அவரோ கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் உதவியால் 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே!

அந்த ஒரு பேருந்து பெருகி யு. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1933-இல் அதனிடம் ஏறத்தாழ 280 பேருந்துகள் இருந்தன. பழனி மலைக்குச் சென்ற பக்தர்களும், சந்தைக்குச் சென்ற உழவர்களும், உறவினர் வீட்டுக்குச் சென்ற பெண்களும் அவர் வண்டிகளில் பயணம் செய்தனர்.

பைக்காரா மின்சாரமும் முதல் மோட்டாரும்

1932-ஆம் ஆண்டு நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் கோவைச் சீமையின் வாழ்வையே மாற்றியது. வீடுகளில் விளக்கு எரிந்தது, பஞ்சாலைகள் பெருகின. ஆனால் மின்சாரம் விளக்கெரிக்க மட்டும் வந்ததன்று. விளக்கில் மெல்லிய இழையைச் சூடேற்றி ஒளியைத் தரும் அதே மின்னோட்டம், செம்புக் கம்பிச் சுருளில் பாயும்போது காந்தப்புலத்தை உண்டாக்கி இருசைச் சுழலச் செய்கிறது. அதுவே மின்மோட்டார். நம் பாடப் புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கும் அதே மோட்டார்தான்.

நம் நாட்டுக்கு அந்நாளில் மோட்டார்கள் கடல் கடந்தே வந்தன. உழவனுக்கு அது எட்டாக் கனி. கொங்கு நாட்டில் ஆறு பாயும் நிலம் குறைவு, கிணறே கதி. எருதுகளைப் பூட்டிக் கவலை ஓட்டி, தோல்பையில் நீர் முகந்துதான் வெள்ளாமை செய்தார்கள். விடியற்காலையிலிருந்து எருதும் மனிதனும் முன்னும் பின்னுமாக நடந்தாலும் சிறிதளவு நிலமே நனையும். நம் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

இந்நிலையில் 1937-இல் நாயுடு அவர்களும், பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவிய திரு. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இணைந்து, பீளமேட்டில் மின்மோட்டாரை உருவாக்கினர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. மோட்டாரின் தத்துவத்தை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அது அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் அறியப்பட்டதே. ஆனால் அயல்நாட்டுப் பொருளை நம் ஊர்க் கைகளாலும் செய்ய முடியும் என்று காட்டினார்கள். இன்று மோட்டார் பம்பு என்றால் இந்தியா முழுவதும் கோவையை நினைக்கிறது என்றால், அதற்கு அடித்தளம் இட்டவர்களுள் இவ்விருவரும் அடங்குவர்.

இதில் நம் பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கிணற்றடிக்குச் சென்ற மோட்டார் அங்கேயே நிற்கவில்லை, அடுக்களைக்கும் வந்தது. 1955-இல் கோவையைச் சேர்ந்த திரு. பி. சபாபதி அவர்கள் மோட்டாரால் இயங்கும் வெட் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லின் முன் மணிக்கணக்கில் அமர்ந்து மாவாட்டிய நம் பாட்டிமாரின் கைகளுக்கு ஓய்வு கிடைத்தது. கோவை வெட் கிரைண்டருக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு. ஒருவர் திருத்திய பொருளை மற்றொருவர் எடுத்து மேலும் திருத்தும்போது ஒரு குடும்பத்தின் உழைப்பே குறைகிறது. விளக்கின் கதையிலும் இதைத்தானே கண்டோம்?

எண்ணற்ற கருவிகள், எட்டாத அனுமதி

நாயுடு அவர்கள் செய்த பொருள்கள் பல. உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் பொருத்திய ரசந்த் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் இயங்கும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய இயலாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். உழவுத் தொழிலையும் அவர் விடவில்லை. பருத்தியிலும் சோளத்திலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். சர் சி. வி. இராமன், விசுவேசுவரய்யா போன்ற பேரறிஞர்கள் அவருடைய பண்ணையை வந்து பார்த்துச் சென்றனர்.

அவருடைய குறிக்கோள் ஒன்றே: நல்ல பொருள் மலிவாகக் கிடைக்க வேண்டும். 1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். ஆனால் அரசு உரிமம் தர மறுத்ததால் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எடிசன் செய்த விளக்கு தொழிற்சாலை கண்டு, ஊரெல்லாம் ஒளி தந்தது. நம் எடிசன் செய்த காரோ ஒரு மாதிரியோடு முடங்கியது. ஒரு பொருளைக் கண்டுபிடிக்க ஒருவர் போதும். அது மக்களைச் சேர வேண்டுமானால் நாடும் கை கொடுக்க வேண்டும். இதை நினைக்கும்போது எங்கள் மனம் வருந்துகிறது.

பள்ளியை விட்டவர் கல்லூரி தந்தார்

1944-இல் அவர் மோட்டார்த் தொழிலிலிருந்து ஒதுங்கி, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தொழிலாளர் நலனுக்கும் வழங்க முற்பட்டார். அவருடைய நன்கொடையாலும் முயற்சியாலும் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், 1945-இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றின. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அதன் முதல்வராகவும் அவர் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பு நீளமானது, கைத்தொழிலோடு கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கருத்து. அன்றைய ஆங்கில அரசு அதை ஏற்காததால் பதவியைத் துறந்தார்.

அவர் 1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் இயற்கை எய்தினார். 1967-இல் அவர் அமைத்த தொழிற்காட்சி அவர் நினைவைத் தாங்கி அவிநாசி சாலையில் நிற்கிறது.

நாம் கற்க வேண்டியது

படிக்காமலே ஒருவர் பெரியவராகலாம் என்றால், நாம் ஏன் தேர்வுக்காகக் கண் விழிக்க வேண்டும் என்று சில தோழியர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அவர் விட்டது பள்ளியைத்தான், கல்வியை அன்று. பொருள் புரியாமல் மனப்பாடம் செய்வதை அவர் வெறுத்தார். புரியும் வரை கழற்றிப் பார்ப்பதை ஒருநாளும் நிறுத்தவில்லை. தமக்குக் கிட்டாத வகுப்பறையைப் பிறருக்காகக் கட்டித் தந்தவர், படிப்பு வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

மற்றொன்றையும் சொல்ல விரும்புகிறோம். வீட்டில் இஸ்திரிப் பெட்டி பழுதானால் அண்ணனையும் தம்பியையும்தான் அழைக்கிறார்கள். நாம் திருப்புளியைத் தொட்டால் உனக்கு எதற்கு இந்த வேலை என்கிறார்கள். அன்புள்ள பெற்றோர்களே! மின்சுற்றையும் மோட்டாரையும் வரைந்து நாங்கள் மதிப்பெண் பெறுகிறோம். அவற்றைத் தொட்டுப் பழகவும் எங்களை விடுங்கள். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே தொடுவோம் என்று உறுதி கூறுகிறோம். ஆட்டுக்கல்லின் பாரத்தை அறிந்தவர்கள் பெண்கள். கிணற்றடியிலிருந்து குடம் சுமந்தவர்களும் பெண்கள். எந்தப் பொருள் எவ்விடத்தில் திருந்த வேண்டும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்?

இன்று டங்ஸ்டன் விளக்கின் இடத்தை எல். ஈ. டி. விளக்கு பிடித்துவிட்டது. நாளை அதையும் திருத்த ஒருவர் வருவார். அவர் கொங்கு நாட்டில் பிறந்தவராக, நம் பள்ளியில் பயின்ற ஒரு பெண்ணாக இருக்கட்டும். அதற்கு இன்றே நம் கைகளைப் பழக்குவோம்!