பறங்கி நோயின் கிருமியைக் கண்ட கஸ்டெல்லானி

பேசாலையில் பறங்கி என்ற சொல்லை யோசித்துத்தான் வாயில் எடுக்க வேண்டும். எங்கள் கத்தோலிக்க அயலவர்களின் சமயம் போர்த்துக்கேயர் காலத்தில் இங்கு வந்தது. அந்தப் போர்த்துக்கேயர்தான் இந்நாட்டுப் பேச்சில் பறங்கியர். அதே பெயரில் ஒரு நோயும் இருந்ததை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். தோலில் சிவந்த புண்கள் புடைத்துக் கிளம்பும். சிறுவர்களையே அதிகம் பிடிக்கும். கவனியாமல் விட்டால் எலும்பையும் தின்னும். எங்கள் தீவுக்கு அப்பால் வன்னிக் கிராமங்களை வாட்டிய அந்த நோய்க்குப் பறங்கி நோய் என்று பெயர். அந்நியன் கொண்டுவந்தான் என்ற குற்றச்சாட்டு அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது.

அதன் கிருமியை 1905இல் கொழும்பில் வைத்துக் கண்டவர் அல்டோ கஸ்டெல்லானி என்ற இத்தாலியர். மரிச்சுக்கட்டியில் பெரும் முத்துக்குளிப்பு நடந்த அதே வருடம். நம்மவர்கள் முத்துக்குளிப்பைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். இந்த மனிதரைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

புளோரன்ஸில் பிறந்து அங்கேயே மருத்துவம் படித்த அவர், ஜெர்மனியின் பொன் நகரில் பக்டீரியாவியல் கற்றார். 1902இல் அவர் வெளியிட்ட ஒரு பரிசோதனை முறையையே அவருடைய பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்தவன் என்பதால் அதைக் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன்.

நோயாளியின் சீரத்தை ஒரு பக்டீரியாவுடன் கலக்கிறோம். அதற்கு எதிரான பிறபொருளெதிரிகள் சீரத்தில் இருந்தால் பக்டீரியாக்கள் திரண்டு கட்டியாகும். சிக்கல் என்னவென்றால், அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு பக்டீரியாவும் அதே சீரத்தில் திரளும். நோயைத் தந்தது எது? கஸ்டெல்லானி முதலாவது பக்டீரியாவைச் சீரத்தில் தாராளமாகப் போட்டார். திரண்டதை அகற்றினார். மிஞ்சிய சீரத்தில் இரண்டாவதைப் போட்டுப் பார்த்தார். அது இனித் திரளவில்லை என்றால் குற்றவாளி முதலாவதுதான்; இரண்டாவது, உறவு காரணமாகச் சந்தேகிக்கப்பட்ட அப்பாவி. இன்னும் திரண்டால் அதை விட்டுவிட முடியாது, சோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டும். சல்மொனெல்லாவில் இன்று அறியப்பட்ட 2,500க்கும் மேற்பட்ட வகைகளைப் பிரித்தறியும் சீரங்கள் இந்த முறையில்தான் தயாராகின்றன.

அதே வருடம் உறக்க நோயை ஆராய உகண்டாவுக்கு அனுப்பப்பட்டார். முதலில் ஒரு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பக்டீரியா மீது பழியைப் போட்டார். பிறகு நோயாளிகளின் முள்ளந்தண்டுத் திரவத்தில் ட்ரிபனோசோம் என்ற ஒட்டுண்ணியைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பு யாருடையது என்று டேவிட் புரூஸ் தரப்புடன் நீண்ட சண்டை நடந்தது. அதை விரித்து எழுதுவதில் பயனில்லை.

1903இல் கொழும்புப் பக்டீரியாவியல் நிறுவனத்துக்கு வந்தார். பொரளையில் உள்ள இன்றைய மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் மூதாதை அது. 12 வருடங்கள் இங்கே இருந்தார். பறங்கி நோய்ப் புண்ணிலிருந்து சுரண்டி எடுத்ததைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது சுருள் வடிவக் கிருமி தெரிந்தது. அதே 1905இல் பெர்லினில் சிபிலிஸ் நோயின் கிருமியும் கண்டறியப்பட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே குரங்குகளில் மாறி மாறி ஏற்றிப் பார்த்து, இவை வேறு வேறு நோய்கள் என்று வாதிட்டார். வயிற்றளைச்சல் நோயாளிகளிடமிருந்து பிரித்த ஒரு பக்டீரியாவுக்கு இலங்கையின் பெயரையே வைத்தார். அது இப்போது ஷிகெல்லா சொன்னே என அழைக்கப்படுகிறது. 1910இல் சால்மர்ஸ் என்பவருடன் சேர்ந்து எழுதிய வெப்பமண்டல மருத்துவக் கைநூல் உலகமெங்கும் போனது.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் இருக்கிறது. 2020இல் நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி பரவும் என்றார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும், 2021 பெப்ரவரி வரை பெற்றோர் தம் குழந்தையின் ஜனாஸாவுக்காகக் கையேந்தி நின்றார்கள். அடுத்து இரணைதீவு என்றார்கள், கடைசியில் ஓட்டமாவடி. எந்தக் கிருமி, எங்கே, எவ்வளவு என்று சோதித்துக் காட்டும்படி நாம் கேட்டோம். நூறு வருடங்களுக்கு முன்பே இந்நாட்டின் ஆய்வுகூடத்தில் கேட்கப்பட்ட கேள்விதான் அது. 2020இல் அதற்குப் பதில் வரவில்லை. முஸ்லிம்களே பரப்பினார்கள் என்ற பேச்சுத்தான் வந்தது. பறங்கி நோய் என்று பெயர் வைத்தவர்களும் சோதித்துப் பார்த்து வைக்கவில்லை.

அதற்காகக் கஸ்டெல்லானியை மகானாக்கவும் என்னால் முடியாது. 1915இல் இத்தாலி திரும்பியவர், பிறகு லண்டனில் அரச குடும்பத்தினருக்கும் செல்வந்தர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். பிரித்தானியா சேர் பட்டம் கொடுத்தது. முசோலினிக்கும் அவரே வைத்தியர். 1935இல் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது படையின் மருத்துவ சேவை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. இத்தாலியச் சிப்பாய்களை நோய் சாய்க்காமல் காத்ததாகப் பெரும் புகழ் பெற்றார். அந்தப் படைதான் எத்தியோப்பியர்கள் மீது விமானங்களிலிருந்து மஸ்டர்ட் வாயுவைக் கொட்டியது. 1931இல் லிபியாவில் உமர் முக்தாரைத் தூக்கிலிட்டதும் அதே ஆட்சி. அவருக்குக் கிடைத்த பிரபுப் பட்டத்தில் இருந்த கிஸ்மாயோ, சோமாலிய முஸ்லிம்களின் துறைமுக நகரம். மகள் ஜாக்குலின் எகிப்தில் பிரித்தானியத் தூதுவராக இருந்த மைல்ஸ் லம்ப்சனை மணந்தார். 1942 பெப்ரவரியில் டாங்கிகளுடன் மன்னர் ஃபாரூக்கின் அப்தீன் மாளிகையைச் சூழ்ந்தவர் இந்த மருமகன்தான்.

பகைவன் விடயத்திலும் நீதி பேணக் கற்றவர்கள் நாம். அவர் கண்டதை ஏற்கிறேன், அவர் சேவித்த ஆட்சியை வெறுக்கிறேன். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு மனமில்லை.

இத்தாலியில் முடியாட்சி ஒழிந்தபின், நாடு கடந்த அரச குடும்பத்துடன் அவரும் போர்த்துக்கல் போனார். 1971இல் லிஸ்பனில் இறந்தார். பென்சிலின் ஊசி வந்தபின் பறங்கி நோயும் உலகின் பெரும் பகுதியிலிருந்து ஒழிந்தது. கிருமிக்கு அவர் வைத்த பெர்டெனுயிஸ் என்ற லத்தீன் சொல், சற்றே திரிந்து, இன்றும் மருத்துவ நூல்களில் இருக்கிறது. மிக மெல்லியது என்று அதற்குப் பொருள்.