ஹம்ப்ரி போகார்ட்

ஹம்ப்ரி போகார்ட் (டிசம்பர் 25, 1899 - ஜனவரி 14, 1957) அமெரிக்க நாடக, திரைப்பட நடிகர் ஆவார். இவர் நடித்த காசாபிளாங்கா (1942), சகாரா (1943), தி ஆப்பிரிக்கன் குயின் (1951) ஆகிய மூன்று படங்களும் போர்க்கால ஆப்பிரிக்காவைக் கதைக்களமாகக் கொண்டவை. அவற்றுள் மூன்றாவது படம் மட்டுமே ஆப்பிரிக்காவில் எடுக்கப்பட்டது. போகார்ட் பெற்ற ஒரே ஆஸ்கர் விருதும் அப்படத்திற்காகவே கிடைத்தது.

இளமை

போகார்ட் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். தாய் மாட் ஹம்ப்ரி புகழ்பெற்ற ஓவியர். 1918 இல் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றதும் கடற்படையில் சேர்ந்தார். பின்னர் நாடக மேடைக்கு வந்தார். தி பெட்ரிபைடு பாரஸ்ட் நாடகத்தில் இவர் ஏற்ற கொள்ளைக்காரன் வேடத்தைப் படத்திலும் இவருக்கே தரவேண்டும் என்று உடன் நடித்த லெஸ்லி ஹவார்டு வற்புறுத்தினார். படம் 1936 இல் வெளியானது. நன்றி மறவாத போகார்ட், பிற்காலத்தில் தம் மகளுக்கு லெஸ்லி என்று பெயரிட்டார். எனினும் அடுத்த சில ஆண்டுகள் துப்பாக்கியுடன் வந்து இறுதியில் சாகும் வேடங்களே இவருக்கு மிகுதியாகக் கிடைத்தன. 1941 இல் ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதற் படமான தி மால்டீஸ் பால்கன் அந்நிலையை மாற்றியது.

போர்க்காலப் படங்கள்

காசாபிளாங்கா, பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்த மொராக்கோவில் 1941 இல் நடப்பதாக அமைந்த கதை. படப்பிடிப்பு முழுவதும் கலிபோர்னியாவில் நடந்தது. நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய அதே நவம்பர் மாதத்தில் (1942) படம் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இதைவிடப் பொருத்தமான விளம்பரம் அமைந்திருக்க முடியாது. ஆயினும் மொராக்கோ மக்கள் இப்படத்தில் பின்னணியாக மட்டுமே தோன்றுகின்றனர்.

சோல்டான் கோர்டா இயக்கிய சகாரா இவ்வகையில் மேலானது. லிபியப் பாலைவனத்தில் வழிதவறிய ஒரு பீரங்கி வண்டியையும் அதில் ஏறிக்கொள்ளும் பல நாட்டு வீரர்களையும் பற்றிய இக்கதையில், சூடான் நாட்டு வீரன் ஒருவன் மற்றவர்களுக்கு நிகரான மதிப்புடன் காட்டப்படுகிறான். அக்கால ஹாலிவுட்டில் இது அரிது. இப்படமும் கலிபோர்னியப் பாலையிலேயே எடுக்கப்பட்டது. படம் வெளியான பின்னரே, படைவீரர்களை மகிழ்விக்கும் சுற்றுப்பயணத்தில் போகார்ட் வட ஆப்பிரிக்காவிற்கும் இத்தாலிக்கும் சென்றார்.

வாஷிங்டன் பயணம்

சகாராவின் திரைக்கதையை கோர்டாவுடன் எழுதியவர் ஜான் ஹவார்டு லாசன். போகார்ட் நடித்து அதே ஆண்டில் வெளியான ஆக்சன் இன் தி நார்த் அட்லாண்டிக் படத்திற்கும் அவரே திரைக்கதை எழுதினார். 1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு, திரைத்துறையில் பொதுவுடைமையர் உள்ளனரா என்று விசாரித்தபோது, பதிலளிக்க மறுத்த பதின்மருள் லாசனும் ஒருவர். விசாரணையை எதிர்த்து போகார்ட், மனைவி லாரன் பகால், ஹியூஸ்டன் முதலியோர் வாஷிங்டனுக்கு விமானத்தில் சென்றனர். பத்திரிகைகளின் தாக்குதலும் படநிறுவனத்தின் அச்சமும் வலுத்தபோது போகார்ட் பின்வாங்கினார். தாம் பொதுவுடைமையர் அல்லர் என்று 1948 இல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். லாசன் சிறை சென்றார். திரையில் அஞ்சாநெஞ்சராகத் தோன்றியவரின் வாழ்வில் இது மறைக்க இயலாத பகுதியாகும்.

தி ஆப்பிரிக்கன் குயின்

சி. எஸ். பாரஸ்டர் 1935 இல் எழுதிய நாவலைத் தழுவிய இப்படத்தையும் ஹியூஸ்டனே இயக்கினார். 1914 இல் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில், குடிப்பழக்கமுள்ள நீராவிப் படகோட்டி ஒருவனும் மதப்பணியாளரின் தங்கையும் ஆற்று வழியே சென்று ஜெர்மானியப் போர்ப்படகைத் தகர்க்க முயல்வதே கதை. நாவலில் படகோட்டி லண்டன்காரன். படத்தில் அவன் கனடா நாட்டவன் ஆக்கப்பட்டான்.

1951 இல் பெல்ஜியக் காங்கோவிலும் உகாண்டாவிலும் படப்பிடிப்பு நடந்தது. படகு ஒருமுறை மூழ்கியது. மாசுற்ற நீரால் கதாநாயகி கேத்தரின் ஹெப்பர்ன் உள்ளிட்ட பலர் வயிற்றுப்போக்கால் வாடினர். விஸ்கியையே பருகிவந்த போகார்ட்டும் ஹியூஸ்டனும் நோயின்றித் தப்பினர் என்பர். உடன் வந்த பகால் குழுவினரைக் கவனித்துக்கொண்டார். சில நீர்க்காட்சிகள் லண்டன் படப்பிடிப்புத் தளத்தில் தொட்டி கட்டி எடுக்கப்பட்டன.

தொடக்கத்தில் ஜெர்மானியர் எரிக்கும் சிற்றூரின் மக்கள் அதன்பின் கதையிலிருந்து மறைந்துவிடுவது படத்தின் குறை. போகார்ட்டின் நடிப்பில் குறையில்லை. மழிக்காத முகமும் கூச்சமும் கொண்ட இப்படகோட்டியிடம் பழைய கொள்ளைக்காரனின் சாயல் சிறிதும் இல்லை. 1952 இல் சிறந்த நடிகருக்கான விருதை, மார்லன் பிராண்டோவை முந்தி இவர் பெற்றார்.

மறைவு

அளவின்றிப் புகைபிடித்த போகார்ட்டுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டது. 1956 இல் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. எனினும் மறு ஆண்டு ஜனவரியில், தமது 57 ஆம் அகவையில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். இறுதிச் சடங்கில் ஹியூஸ்டன் இரங்கலுரை ஆற்றினார்.